பலா மரத்தில் ஒட்டாத நோட்டீஸ்

அன்புள்ள அப்பு,

பத்து வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர்களுக்கு மனு எழுதிப் பிழைப்பவன் நான். அந்தப் பழக்கதோஷத்தில் இந்தக் கடிதத்தின் தலையிலும் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று எழுதிவிட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். பெற்ற பிள்ளைக்கு எழுத எனக்கு ஆயத்தமான வாசகம் எதுவும் கைவசம் இல்லை. ‘சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து’ என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். இப்போது சிரி. கிராம நிர்வாக அலுவலராக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய், இனி உனக்கே நாலு பேர் அப்படி எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களில் என்னைப் போல ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனைப் பற்றி உன்னை எச்சரிக்கத்தான் இந்தக் கடிதம்.

நீ மதுரை ரயில் ஏறிப் பதினைந்து நாள் ஆகிறது. போடி ஸ்டேஷனில் வண்டி நகரப் போகிற நேரம், ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாய். “கவலப்படாதீகப்பா. நம்ம வீட்டப் பறிச்சான்ல அந்த ஆர்.ஐ., அவன மாதிரி நான் ஒருக்காலும் இருக்க மாட்டேன்.” பக்கத்தில் நின்றிருந்த உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழியனுப்ப வந்த இன்னும் ரெண்டு பேர், நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறாய் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். வண்டி போனபிறகும் அங்கேயே நின்றேன். அப்பு, அந்த மனிதர் நம் வீட்டைப் பறிக்கவில்லை. பறித்தவன் நான். நம் வீட்டை மட்டுமல்ல, பத்து வீட்டை. இதைப் பதிமூன்று வருஷமாக உன்னிடம் மாற்றிச் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி, சில நாட்களில் நானே நம்பியும் இருக்கிறேன்.

தீப்பிடித்தபோது நீ சிலமலையில் அத்தை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அதனால் நான் சொன்னதைத் தவிர உனக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊத்துப்பாறையில் மொத்தம் பதினோரு வீடு. போடிமெட்டுக்குப் போகிற மலை ரோட்டிலிருந்து ஒரு மைல் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். மண் சுவர், புல் கூரை. யாருக்கும் பட்டா கிடையாது. வருவாய்த் துறையைக் கேட்டால் நத்தம் என்பார்கள், வனத்துறையைக் கேட்டால் காடு என்பார்கள். இரண்டு பேருமே மேலே ஏறி வராததால் நாம் பாட்டுக்கு இலவங்காய் அடித்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பங்குனியில் யாரோ மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று சரிவில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஆனால் அன்றைக்குக் காற்று மேல்நோக்கித் திரும்பியது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற காலம் வேறு. பஞ்சு பற்றிக்கொண்டு பறந்து வந்து கூரை கூரையாக உட்கார்ந்தது. ஓடுவதற்குத்தான் நேரம் இருந்தது. மாயாண்டி மட்டும் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்க்கத் திரும்ப உள்ளே போனான். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கூரைதான் கடைசியாக விழுந்தது.

மூன்றாம் நாள் மாயாண்டிக்குக் காடாத்து, எலும்பு பொறுக்கி ஓடையில் கரைக்கிற சடங்கு. ஆண்கள் எல்லோரும் ஓடைக்குப் போயிருந்தார்கள், மற்றப் பெண்கள் மேலே எஸ்டேட் கொட்டகையில் பேச்சியம்மாளோடு இருந்தார்கள். நான் போகவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிறார் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அதிகாரி வந்தால் பேசுவது என் சோலி. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெருமையில்தான் எல்லாமே கெட்டது. ஆர்.ஐ. தனியாக நடந்தே வந்தார். ஒல்லியான மனிதர், செருப்பு அறுந்து கையில் பிடித்திருந்தார். எரிந்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். உன் அம்மா பலா மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். நம் ஊரில் அவர் கை நீட்டி வாங்கியது அந்த ஒரு டம்ளர் காப்பிதான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை. “இந்தா பாருங்க, கூரைதான் போயிருக்கு. சுவரும் கடைக்காலும் நிக்குது. சுவர் நின்னா இது மராமத்து. மராமத்துக்குத் தாசில்தார் வந்து நேர்ல பாத்து மகஜர் எழுதிட்டா நானே உத்தரவு வாங்கித் தந்துருவேன். சுவர எடுத்துட்டீங்கன்னா அது புதுக் கட்டடம். புதுசுக்கு வனத்துறை உத்தரவு வேணும். அது உங்க காலத்துல வராது. இங்க வீடு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட பட்டாவும் இல்ல, ரசீதும் இல்ல. இந்தக் கரிஞ்ச சுவருதான் பட்டா. அவுக வந்து பாக்குற வரைக்கும் ஒரு கூடைச் சாம்பலக்கூட அள்ளாதீங்க.” சொன்னதோடு விடாமல், ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “எல்லாரும் வந்ததும் வாசிச்சுக் காட்டிட்டு இந்தப் பலா மரத்துல ஒட்டிருங்க” என்றார். நம் ஊருக்கு நோட்டீஸ் பலகை அந்த மரம்தான். நான் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவர் இறங்கிப் போனதும் உன் அம்மா கேட்டாள், “என்னமோ எழுதிக் குடுத்தாரே, என்னது?” நான், “ஆபீசு சமாச்சாரம், உனக்கு எதுக்கு?” என்றேன்.

ஒட்டக்கூடாது என்று அப்போது நினைக்கவில்லை. சாயங்காலம் ஒட்டலாம் என்று இருந்தேன். ஆனால் அன்று மத்தியானமே மேலே இருக்கிற எஸ்டேட்டிலிருந்து மலையாளத்து மேஸ்திரி வந்துவிட்டார். ஏலக்காய்த் தோட்டக்காரனுக்குப் பழைய சுவர் மண் என்றால் உயிர், அதிலும் தீயில் வெந்த மண் என்றால் கேட்கவே வேண்டாம். இளம் ஏலச் செடிக்கு ஒரு கூடை போட்டால் பத்துக் கூடைச் சாணிக்குச் சமம் என்பார்கள். பதினோரு வீட்டுச் சுவரும் சாம்பலும் அவர் கண்ணுக்கு உரக்குழியாகத் தெரிந்தது. “மண்ணு முழுக்க ஞங்களுக்குத் தரணும். அதுக்குப் பகரம் மூங்கிலும் கழியும் கூரைக்குப் புல்லும் தரலாம். மழைக்கு முன்னே கிட்டணும், கேட்டோ. தாமசிச்சா வேண்டா” என்றார். எனக்கு வாயெல்லாம் பல். இடிபாட்டை அள்ளுகிற வேலையும் மிச்சம், வீடு கட்டச் சாமானும் வந்தாயிற்று. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று நினைத்தேன். சட்டைப் பையில் இருந்த காகிதம் அப்போதுதான் கனத்தது. அதை வாசித்துக் காட்டினால் ஒருவனும் சுவரில் கை வைக்க மாட்டான், மூங்கில் போய்விடும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குரல், நீ படித்தவன், உனக்குத் தெரியாத சட்டமா, இடத்தைச் சுத்தம் செய்து வைத்தால் அதிகாரிகளுக்கு மனம்தான் குளிரும் என்றது. காகிதத்தை எடுத்துத் தகரப் பெட்டியில், கருகாமல் மிஞ்சிய அந்த ஒரு பெட்டியில், அடியில் வைத்தேன்.

மற்றவர்களைச் சம்மதிக்க வைக்க நான் ஒரு பாடும் படவில்லை. தீ தின்ற சுவரில் மறுபடி கூரை ஏற்றினால் தீ திரும்பி வரும் என்று நம் மலையில் சொல்வார்கள் இல்லையா, அது எனக்குத் துணைக்கு வந்தது. யாருக்கும் அந்தச் சுவருக்குள் திரும்பப் படுக்க மனமில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், தாசில்தார் வரவில்லை. எஸ்டேட் ஸ்டோர் கொட்டகையில் முப்பது நாற்பது பேர் படுத்துக் கிடந்தோம், பிள்ளைகளுக்கு இருமல். எட்டாம் நாள் எஸ்டேட் ஆட்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். நம் வீட்டில்தான் முதல் கடப்பாரையை நானே போட்டேன். கூடை கூடையாகத் தலைச்சுமையில் ரோட்டுக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் லோடு லோடாக மேலே போயிற்று. கடைக்கால் கல்லைக்கூட விடவில்லை, தோட்டத்துக்கு வரப்புக் கட்ட ஆகும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு நாளில் பத்து வீடு இருந்த இடம் களம் மாதிரி ஆகிவிட்டது. போதாததற்குப் பெண்களைச் சொல்லிச் சாணி கரைத்துத் தெளிக்கவும் வைத்தேன். அதிகாரி வந்தால் லட்சணமாக இருக்கட்டும் என்று.

பேச்சியம்மாள் வீடு மட்டும் அப்படியே நின்றது. அவள் சுவருக்குள்ளேயே ஒரு மூலையில் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “முப்பதாம் நாள் காரியம் கழியட்டும்ணே. அவரு இதுக்குள்ளதான் கெடக்காரு. நாம பொறுக்கி எடுத்ததா எல்லாம்? மிச்சம் இந்தச் சாம்பல்லதான இருக்கு. இத ஏலச் செடிக்குப் போடக் குடுக்க மாட்டேன்” என்றாள். நான் அவளிடம் கோபமாகப் பேசினேன். ஊரோடு ஒத்து வாழ், உன் ஒருத்தியால் மேஸ்திரி கழியைக் குறைத்துவிடுவார் என்றெல்லாம் சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்துப் பதினோரு நாள்கூட ஆகாதவளிடம். அவள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

இருபத்து நாலாம் நாள் தாசில்தார் வந்தார், கூடவே வனத்துறை ரேஞ்சர், பின்னால் நம் ஆர்.ஐ. பலா மரத்தைத் தாண்டியதும் ஆர்.ஐ. நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். ரேஞ்சர்தான் முதலில் பேசினார். “எங்க சார் பதினோரு வீடு? ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. மிச்சமெல்லாம் காட்டை வெட்டித் திருத்திக் களம் தட்டி வெச்சிருக்கானுக. சாணி வேற தெளிச்சிருக்கான். இது புது ஆக்கிரமிப்பு.” பேச்சியம்மாள் ஓடி வந்தாள். “பதினோரு வீடுங்கய்யா! இந்தா, இது அண்ணன் வீட்டு வாசப்படி. இங்கன அடுப்பு. இது அடுத்த வீடு, இந்தா இந்தச் சந்துதான் நடுவுல…” என்று வெறும் தரையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். தாசில்தார் பாவம், நல்ல மனிதர்தான், “வாய் வார்த்தைய வெச்சு நான் மகஜர் எழுத முடியாதும்மா” என்றார். பிறகு ஆர்.ஐ. பக்கம் திரும்பி, “நீர் இவங்ககிட்டச் சொல்லலையாய்யா?” என்று கேட்டார். “சொன்னேன் சார். எழுதியும் குடுத்தேன். இவர்கிட்டதான்” என்று அவர் என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்துக் குடும்பமும் நின்றது. ஒன்றே ஒன்று சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, பெட்டியில் காகிதம் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று. கொண்டுவந்து காட்டியிருந்தால், வீடு இருந்ததற்கு அவர் கையெழுத்தே ஒரு சாட்சியாக நின்றிருக்கும். ‘எரிந்த வீடுகளின் சுவர்’ என்று அதில் அவர் எழுதியிருந்தாரே! அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பத்து வீட்டுக்காரர்களின் முகம்தான் தெரிந்தது. அவர்கள் முன்னால் முட்டாளாக நிற்க முடியாது என்பதுதான் தெரிந்தது. “எந்த நோட்டீசும் எங்களுக்கு வரலீங்கய்யா. சார் வாயால்கூட ஒண்ணும் சொல்லல” என்றேன். உன் அம்மா எனக்கு நாலடி தள்ளி நின்றாள். அந்த மனிதருக்குக் காப்பி கொடுத்தவள், காகிதம் கை மாறியதைப் பார்த்தவள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து சாகிற வரைக்கும் எதையும் வாசித்துக் காட்டச் சொல்லி அவள் என்னிடம் கேட்டதில்லை. முன்பெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட வாசிக்கச் சொல்வாள். நீ சிலமலையிலிருந்து எழுதும் கடிதங்களை அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்டது எதனால் என்று ஒருமுறை என்னைக் கேட்டாயே, இதனால்தான்.

அதோடு நிறுத்தினேனா? பொய்க்குக் கால் இல்லை, அதனால் ஊன்றுகோலும் நானே செய்து கொடுத்தேன். மேலதிகாரிக்கு மனு எழுதினேன். ஆர்.ஐ. எச்சரிக்கவில்லை, தேனும் கோழியும் கேட்டார், நாங்கள் கொடுக்காததால் பார்வையிடலைத் தாமதப்படுத்தினார் என்று. தேன், கோழி வரியை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது விட்டுவிட்டேன். அவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கைநாட்டு வைத்தார்கள். மை தொட்ட விரலைப் பலா மரத்தில் துடைத்தார்கள். ஒரு மாதத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்த செய்தி வந்தது. ஊரே எனக்கு நன்றி சொன்னது. ஆனால் வீடு வரவில்லை. புதுக் கட்டட உத்தரவுக்கு மூன்று வருஷம் ஒவ்வொரு ஆபீசாக நடந்தோம். வருவாய்த் துறை வனத்துறையைக் கேட்கச் சொல்லும், அவர்கள் அளவு படம் கேட்பார்கள், அளக்கிறவர் வரமாட்டார், வந்தால் அளப்பதற்கு என்ன இருக்கிறது? மேஸ்திரி கொடுத்த மூங்கில் மழையில் கிடந்து மக்கியது. ஒவ்வொரு குடும்பமாகக் கலைந்தது. சிலர் மலைக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயன் வீடுகளுக்குப் போனார்கள், சிலர் போடியில் வாடகைக்கு வந்தார்கள். அப்படித்தான் நாமும் சந்தைப்பேட்டைப் பக்கம் அந்த ஒற்றை அறைக்கு வந்தோம், உன் அம்மா கடைசி வரை மூச்சு முட்டுகிறது என்று சொன்ன அறைக்கு.

உத்தரவு கிடைத்தது ஒரே ஒரு வீட்டுக்கு. பேச்சியம்மாளுக்கு. சுவர் இருந்ததே, மராமத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினோரு வீடு இருந்த சரிவில் ஒற்றை வீட்டில், சுற்றிலும் யாருமில்லாமல், பன்றிக்கும் யானைக்கும் பயந்துகொண்டு ஒரு வருஷம் இருந்து பார்த்தாள். பிறகு அவளும் கதவைச் சாத்திக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கினாள். இப்போது ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். வழியில் பார்த்தால், “மாப்ளப் பய நல்லா இருக்கானாண்ணே?” என்று உன்னை விசாரிப்பாள். ஒருநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “நீங்க என்ன செய்வீக, நல்லதுக்குத்தான செஞ்சீக” என்றாள். நான் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டினேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, சார்பதிவாளர் அலுவலக வாசலில் என் மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை, எனக்கும் தலை நரைத்துக் கண்ணாடி வந்துவிட்டதே. “கை நடுங்குதுங்க, இல்லாட்டி நானே எழுதிருவேன். பென்ஷன் நின்னு கெடக்கு. பழைய விசாரணை ஒண்ணு முடியலன்னு சொல்றாங்க” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், அப்பு. தன்மேல் சொல்லப்பட்டது பொய் என்று எழுதினேன். தான் கைப்பட நோட்டீஸ் எழுதிக் கொடுத்ததாகவும், வாங்கியவர் மறுத்துவிட்டதாகவும், அதற்கு நகல் வைக்காதது தன் தவறு என்றும் எழுதினேன். நகல் வைக்காதது தன் தவறாம். மனுவை வாங்கி வாசித்தவர், பாதியில் நிறுத்தி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார். “முன்னாடி ஒரு தரம் இதே கையெழுத்த நான் வாசிச்சிருக்கேன்.” மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். பின்னால் ஓடக் கால் வரவில்லை என்று எழுதலாம். வந்திருக்கும். நான்தான் எழுந்திருக்கவில்லை.

அந்த மனுவில் அவர் முகவரி இருந்தது. நாலு வருஷம் அந்தத் தாளும் பழைய நோட்டீசும் ஒரே பெட்டியில் கிடந்தன. நீ ரயிலில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனபிறகு அந்தப் பெட்டியைத் திறந்தேன். போன வாரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ்சு ஏறினேன். தேவாரத்துக்கு அப்பால் ஒரு கிராமம். ஓட்டு வீடு, வாசலில் அவர் மனைவி புளி தட்டிக்கொண்டிருந்தார். “ஆபீசுல இருந்து வர்றீகளா?” என்று பரபரப்பாக எழுந்தார். அவர் போன தை மாதமே இறந்துவிட்டார். பென்ஷன் கடைசி வரை வரவில்லை. இப்போது இந்த அம்மாவுக்கு வரவேண்டியதும் அதே விசாரணையில்தான் நிற்கிறது.

“அவுக எழுதின காயிதம் ஒண்ணு என்கிட்ட இருக்கு” என்று எடுத்து நீட்டினேன். “எனக்கு எழுத்துத் தெரியாது. வாசிங்க” என்றார். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அதை வாய்விட்டு வாசித்தேன். “சர்க்கார் பார்வையிடும் வரை எரிந்த வீடுகளின் சுவர், கடைக்கால், சாம்பல் எதையும் அகற்றக் கூடாது. அகற்றினால் வீடு இருந்ததற்குச் சாட்சி இல்லாமல் போகும்.” அந்த அம்மா இன்னும் வரும் என்று காத்திருந்தார். பிறகு, “இம்புட்டுதானா?” என்றார். நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார். “இத அன்னைக்கே வாசிச்சிருந்தா எம்புட்டு நேரம் ஆயிருக்கும்?”

அவருக்காக என் பெயரில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நோட்டீசோடு சேர்த்து மேலிடத்துக்குப் போய்விட்டது. விசாரணை என்று கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். உன் ஆபீசுக்கும் செய்தி வரும், உன் தகப்பனைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உனக்கு நான் விட்டுவைக்கிற சொத்து அதுதான். பேச்சியம்மாளிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து காய் பொறுக்கப் போய்விட்டாள், அதற்குப் பிறகு வழியில் பார்த்தபோது உன்னை விசாரிக்கவில்லை. உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தீயோ வெள்ளமோ வந்து, இடிந்த வீடுகளுக்கு முன்னால் நீ ஒருநாள் நிற்பாய். அப்போது ஊருக்காகப் பேச வெள்ளைச் சட்டை போட்டவன் ஒருவன் முன்னால் வருவான், எழுதப் படிக்கத் தெரிந்தவன், ரொம்ப மரியாதையாகப் பேசுவான். காகிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடாதே. காடாத்துக்குப் போனவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் உட்கார்ந்திரு. ஒவ்வொரு வாசலாகப் போய் நீயே வாசித்துக் காட்டு. சுவர் இடிந்திருந்தாலும் வாசல் இருந்த இடத்தில் நின்று வாசி.

அந்த அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நம் வீட்டிலிருந்து தொடங்கிப் பேச்சியம்மாள் வீடு வரை பதினோரு வாசலிலும் மனதுக்குள் நின்று அந்த இரண்டு வரியை வாசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை, நிறுத்தி நிதானமாகத்தான் வாசித்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு என் இருக்கைக்கு வருவதற்குள் பதினோரு வீடும் முடிந்துவிட்டது.

அப்பா